காகிதப்பட்டறையில் ஒரு வீடு

அறுநூற்று நாற்பது சதுர அடி.
ஒரு முருங்கை, ஒரு கைப்பம்பு,
மேற்குச் சுவரில் மட்டும் கொஞ்சம் ஓதம்.
பார்த்த அன்றே தயாளன் சொன்னார்:
'தை பிறந்ததும் பால் காய்ச்சிடலாம்.'
எந்தத் தை என்று நான் கேட்கவில்லை.

ரத்தம் எடுப்பது என் வேலை.
குழாயில் பெயர் ஒட்டி
'நாளைக்கு ரிசல்ட் வந்துடும்' என்பேன் எல்லோரிடமும்.
பேங்க்கில் அதையே என்னிடம் சொன்னார்கள்,
பதினொரு வாரம்.

முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டோம்.
சம்பங்கி என்பவர் தொண்ணூற்று ஏழில்
சொசைட்டியில் பதினெட்டாயிரம் வாங்கியிருந்தார்.
கட்டியும் முடித்துவிட்டார்.
ரசீதைப் பதியாமல் செத்துப்போனார்.
இல்லாத கடன் இருந்துகொண்டே இருந்தது.
சொசைட்டி இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை.
பழைய கணக்கரைத் தேடி ஆற்காடு போனார் தயாளன்.
அவருக்குச் சம்பங்கியை நினைவிருந்தது,
அவர் போட்டிருந்த கட்டம்போட்ட சட்டைகூட.
நோட்டு எங்கே என்பதுதான் இல்லை.

பத்திரத்தில் கிழக்கெல்லை
'முனுசாமி வகையறா மாட்டுக்கொட்டகைக்கு மேற்கு.'
கொட்டகையில் இன்றைக்கு செல்போன் ரிப்பேர்.
சர்வேயர் டேப்பை இழுத்துப் பிடித்தார்,
பத்திரத்தைவிட வீடு ஏழு அங்குலம் குட்டை.
ரிப்பேர்க்காரன் தலை நிமிரவேயில்லை.

பட்டாவில் பாக்கியவதி.
ஆதாரில் பாக்யாவதி.
ரேஷன் கார்டில் வெறும் பாக்கியம்.
மூவரும் ஒருவரே என்று
இருபது ரூபாய்த் தாளில் சத்தியம் செய்து கொடுத்தார்
சம்பங்கியின் மனைவி.

மகள் நிர்மலா சித்தூரில்.
கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லவில்லை,
வருகிறேன் என்றும் சொல்லவில்லை.
'எனக்குப் பேசின பத்து சவரன்ல
நாலு இன்னும் பாக்கி' என்றாளாம்.
கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்.
எந்த வில்லங்கச் சான்றிலும் அது வரவில்லை.

மார்கழி குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.
அக்ரிமென்ட் காலாவதியாயிற்று.
நீட்டினோம். நீட்டியதற்கு ஒரு பத்திரம்,
அதற்கு இரண்டு சாட்சி, சாட்சிகளுக்கு டீ.
பத்திர எழுத்தர் சஞ்சீவிராயன்
'உங்க ஃபைல் நல்லா வளருது' என்றார்,
குழந்தையைச் சொல்வதுபோல.

மாசியில் நிர்மலா வந்தாள்.
தசரதன் தங்கைக்கு என்ன கொடுத்தான் என்று
நாங்கள் கேட்கவில்லை.
கணக்கரின் பரணில் நோட்டும் அகப்பட்டது.
டோக்கன் முப்பத்தேழு.
பதிவு அலுவலக மின்விசிறி
மலையிலிருந்து இறங்கிய வெயிலையே சுற்றிச் சுற்றி வீசியது.

'கட்டைவிரலை வைங்கம்மா.'
வைத்தார். பொருந்தவில்லை.
முந்தானையில் துடைத்து வைத்தார். பொருந்தவில்லை.
நாற்பது வருஷம்
நாளுக்கு ஆயிரம் பீடி சுற்றிய விரல்.
அது கட்டிய வீட்டை விற்க வந்தபோது
அப்படி ஒரு ஆளே இல்லை என்றது மெஷின்.

ஒவ்வொரு விரலாய்க் கேட்டுக்கொண்டே போனார்கள்.
இடது சுண்டுவிரல் பொருந்தியது,
அத்தனை வருஷமும்
இலையில் படாமல் சும்மா நீட்டிக்கொண்டிருந்த விரல்.
'இதுதான் ஒண்ணுத்துக்கும் உதவாதுன்னு நெனச்சேன்'
என்று சிரித்தார் பாக்கியவதி அம்மா.
நான் பேனாவைத் திறந்தேன்.
சர்வர் போயிற்று.

நாலு மணி வரை உட்கார்ந்திருந்தோம்.
திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

ராத்திரி ஒன்பதுக்குப் போன்.
'பம்புல வாஷர் போயிடுச்சும்மா.
நான் மாத்தணுமா, நீ மாத்துவியா?'
நான் யோசிப்பதற்குள்,
'மரத்துல வேற காய் முத்துது.
பறிக்கலாமா, உன்னைக் கேக்கணுமா?'
எனக்கும் தெரியவில்லை.
'பாதி பறிங்க' என்றேன்.

காலையில் தசரதன் வந்து
வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.
பதிமூன்று காய், ஒன்று உடைந்தது.
சுற்றியிருந்த தாளைப் பிரித்தால்
எங்கள் அக்ரிமென்ட்டின் ஜெராக்ஸ்,
மூன்றாம் பக்கம்.